மணவிலக்கு வழக்கும் வழக்கறிஞரும்

திருமணத்திற்கு நாள் பார்க்கவும், மண்டபம் பார்க்கவும், நாதசுரத்திற்கு முன்பணம் கொடுக்கவும் நம் வீடுகளில் வழிகாட்டுவோர் பத்துப் பேர் இருப்பர். அந்த மணம் நிலைக்காமற் போனால் எங்குச் செல்வது, யாரைக் கேட்பது என்று வினவினால் அத்தனை பேரும் வாய் திறவார். குடும்ப மானம் என்ற ஒரு சொல் எல்லாரையும் ஊமையாக்கிவிடும். அந்த மௌனத்திலேதான் படிக்காத தாள்களில் கையெழுத்து விழுகிறது; செல்லவேண்டிய நாளில் நீதிமன்றம் செல்லாமல் வழக்குத் தோற்கிறது; பெறவேண்டிய உரிமை கைநழுவுகிறது.

சட்டம் பயிலும் மாணவன் என்ற முறையில் இதுபற்றி எழுதுமாறு நம் சங்க நண்பர்கள் கேட்டனர். மணவிலக்கைப் போற்றுவது என் நோக்கமன்று, தூற்றுவதும் அன்று. நீந்தக் கற்றுக்கொடுப்பது ஆற்றில் விழச் சொல்வதாகாது. தில்லிக்கு வந்து பயிலும் நம்மை ஊரில் உள்ளவர்கள் பெரிய படிப்பாளிகளாக எண்ணியிருக்கின்றனர். ஏதோ ஓர் இந்திக் காகிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பி, "இது என்னவென்று பார், தம்பி" என்று கேட்கின்றனர். அப்போது சொல்வதற்கு நமக்கு விடை வேண்டுமல்லவா?

சட்டம் வந்த கதை

பழைய தரும சாத்திரங்கள் திருமணத்தைப் பிரிக்கவொண்ணாத பிணைப்பாகக் கருதின. ஆயினும் தமிழ் நாட்டில் பல சமூகங்களில் ‘தீர்த்து விடுதல்’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தே வந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டிலேயே இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கு வழி செய்யும் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. பின்னர் நாடு முழுமைக்குமாக இந்து திருமணச் சட்டம் 1955-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் குற்றம் மெய்ப்பித்தால்தான் விலக்குக் கிடைத்தது. இருவரும் மனமொத்துப் பிரியலாம் என்னும் 13-பி பிரிவு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது.

இந்தச் சட்டம் இந்துக்களோடு பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோருக்கும் உரியது. தமிழகத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணமும் இதற்குள்ளேயே அடங்கும். கிறித்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு மணவிலக்குச் சட்டம் உண்டு. அது 2001-இல் பெரிதும் திருத்தப்பட்டது. முஸ்லிம் மகளிர் நீதிமன்றம் சென்று மணத்தை முறிக்க 1939-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஒரே மூச்சில் மும்முறை தலாக் கூறும் வழக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் குற்றமாகவும் ஆக்கிற்று. பார்சிகளுக்கு 1936-ஆம் ஆண்டுச் சட்டம். 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கு, எம்மதத்தவராயினும், அச்சட்டமே வழி. ஆகவே முதற் கேள்வி, "எந்தச் சட்டப்படி மணம் நடந்தது?" என்பதே. இடம் கருதி, இனி இந்து திருமணச் சட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு தப்பெண்ணத்தை இங்கேயே களைந்துவிடுதல் நலம். ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத் தாளில் "இனி உனக்கும் எனக்கும் உறவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டால் மணம் முறிந்துவிட்டதாகப் பலர் நம்புகின்றனர். ஒரு சமூகத்தில் தொன்றுதொட்டு அத்தகைய வழக்கம் இருந்தால் அதனைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு காக்கிறது என்பது உண்மையே. ஆனால் அந்த வழக்கம் உண்டு என்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்க முடியாவிட்டால் அந்தத் தாள் வெறும் தாளே. அதனை நம்பி மறுமணம் செய்துகொண்டவர் இருதார மணக் குற்றத்திற்கு ஆளாக நேரும்.

எந்த ஊர் நீதிமன்றம்?

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது மிக வேண்டிய செய்தி. திருமணம் நடந்த ஊர், எதிர்த்தரப்பினர் வசிக்கும் ஊர், கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகிய இடங்களில் மனுச் செய்யலாம். மனுச் செய்பவர் மனைவியானால் அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் செய்யலாம். இந்த வசதி 2003-இல் சேர்க்கப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். மதுரையில் மணம் நடந்தது. இருவரும் தில்லியில் வாழ்ந்தனர். பிரிந்தபின் மனைவி கும்பகோணத்திற்கும் கணவன் பெங்களூருக்கும் சென்றுவிட்டனர். மனைவி இந்த நான்கு ஊர்களில் எதிலும் வழக்கிடலாம். கணவனோ மதுரை, தில்லி, கும்பகோணம் ஆகிய மூன்றில்தான் வழக்கிட முடியும்; தான் இருக்கும் பெங்களூரில் முடியாது. மேலும், மணமாகி ஓராண்டு முடிவதற்குள் பொதுவாக மனுவை ஏற்க மாட்டார்கள். மிகக் கடுந்துன்பம் இருந்தால் மட்டும் நீதிமன்றம் தனி அனுமதி தரும்.

இசைந்து பிரியும் வழி

இருவரும் ஓராண்டேனும் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து வாழ்தல் என்பது கணவன் மனைவியாக வாழாமையே. ஒரே கூரையின்கீழ் இருந்தும் அவ்வாறு பிரிந்திருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் கூறிற்று. இருவரும் கூட்டாக மனுக் கொடுப்பர். நீதிபதி இருவரையும் விசாரித்து வாக்குமூலம் பதிவு செய்வார். இது முதற்படி. ஆறு மாதங்களுக்குப் பின், பதினெட்டு மாதங்களுக்குள், மீண்டும் வந்து "எங்கள் எண்ணம் மாறவில்லை" என்று கூற வேண்டும். அது இரண்டாம் படி. அதன்பின் தீர்ப்பாணை.

இந்த ஆறு மாதக் காத்திருப்பு எல்லாருக்கும் கட்டாயமன்று. சமரச முயற்சிகள் தோற்று, பணம் குழந்தை பற்றிய எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தால், தக்க வழக்குகளில் நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் தீர்ப்பாயிற்று. ஒன்றை மறவாதீர்கள்: தீர்ப்பாணை வரும்வரை இருவரில் எவரும் தம் இசைவைத் திரும்பப் பெறலாம். ஆகையால் நகை, பணம், குழந்தை, ஏற்கெனவே நடக்கும் வேறு வழக்குகள் ஆகிய ஒவ்வொன்றையும் எழுத்தில் வடித்து, எந்தப் படியில் எது கைமாற வேண்டும் என்று வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்காடிப் பிரியும் வழி

ஒருவர் இசையாவிட்டால் மற்றவர் காரணம் காட்டி மெய்ப்பிக்க வேண்டும். பிறன்மனை உறவு, கொடுமை, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டமை, மதமாற்றம், தீராத மனநோய், தொற்றும் பால்வினை நோய், துறவு பூணல், ஏழாண்டாக உயிரோடிருக்கும் செய்தியின்மை ஆகியவை 13-ஆம் பிரிவு கூறும் காரணங்கள். தொழுநோயும் முன்பு இப்பட்டியலில் இருந்தது. 2019-இல் அதனை நீக்கிவிட்டனர். பிறன்மனை உறவு 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின் தண்டனைக்குரிய குற்றமன்று. ஆயினும் மணவிலக்குக்குக் காரணமாக இன்றும் நிற்கிறது. கொடுமை என்பது அடி உதை மட்டுமன்று. மனத்தைச் சிதைக்கும் நடத்தையும் கொடுமையே. கொலை வழக்கைப்போல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டுவதும் இல்லை. எது நடந்திருக்கக் கூடும் என்பதை எடைபோட்டுப் பார்த்தாலே போதும் என்று 1975-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உரைக்கிறது.

வழக்கின் நடை இவ்வாறு: மனு, எதிர்த்தரப்புக்கு அழைப்பாணை, ஆலோசகர் முன்னும் சமரச மையத்திலும் பேச்சு, எதிருரை, எவற்றை முடிவு செய்வது என்று நீதிபதி வகுக்கும் எழுவினாக்கள், சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. ஆறு மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. நடைமுறையிலோ வாய்தாவின்மேல் வாய்தாவாக ஆண்டுகள் செல்வதுண்டு. விலக்குத் தீர்ப்பு வந்தவுடனே மறுமணம் செய்துவிடலாகாது. மேல்முறையீட்டுக் காலம் கழிய வேண்டும், அல்லது மேல்முறையீடு தள்ளுபடியாக வேண்டும்.

"எங்கள் மணம் அடியோடு முறிந்துவிட்டது, அது போதாதா?" என்று சிலர் கேட்பர். அது இன்னும் சட்டத்தில் ஒரு காரணமாகச் சேரவில்லை. சட்ட ஆணையம் 1978-இலும் 2009-இலும் அதனைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவைக் கொண்டு உச்ச நீதிமன்றம் மட்டும் அவ்வாறு முறிக்கலாம் என்று 2023-ஆம் ஆண்டு மே முதல் நாள் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதுவும் நீதிமன்றத்தின் விருப்புரிமையே. நாம் கோரிப் பெறும் உரிமையன்று.

அழைப்பாணையை மறைத்தால்?

எங்கள் குடும்பத்தில் நடந்ததையே சொல்கிறேன். என் பெரியம்மாவின் மகள் மணமாகித் தில்லியில் ஈராண்டு வாழ்ந்து, மனம் பொறாது ஊர் திரும்பிவிட்டார். சில மாதங்களுக்குப் பின் தில்லி நீதிமன்றத்திலிருந்து உறை ஒன்று வந்தது. அக்கா தம்மைக் காரணமின்றிக் கைவிட்டுச் சென்றதாகவும், கொடுமை செய்ததாகவும் கணவர் மனுச் செய்திருந்தார். பெரியப்பா அந்த உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "நாம் போகாவிட்டால் அவன் ஒற்றை ஆளாய் வழக்காடி என்ன செய்துவிடுவான்?" என்பது அவர் எண்ணம்.

வழக்கின் இயல்பு அதற்கு நேர்மாறானது. ஒரு தரப்பு வராவிட்டால் வழக்கு நின்றுவிடாது, ஒருதலையாக நடக்கும். எதிர்ப்பார் இல்லாமையால் மனுவில் உள்ள பழியெல்லாம் மறுப்பின்றி நிலைபெறும். மூன்று வாய்தா கழிந்தபின் அக்கா எனக்குப் படம் அனுப்பியபோது, ஒருதலையாக விசாரிக்க உத்தரவாகிவிட்டிருந்தது. நல்லூழாகத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. தில்லியில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தின் வாயிலாக அக்காவுக்குக் கட்டணமின்றி ஒரு பெண் வழக்கறிஞர் அமர்ந்தார். வராமைக்குக் காரணம் கூறி மனுச் செய்து, அந்த உத்தரவை விலக்கச் செய்தார். தீர்ப்பே வந்துவிட்டிருந்தால் அதனை நீக்கக் கோரவும் வழியுண்டு. ஆனால் அதற்குக் காலக்கெடு முப்பது நாட்களே.

பின்னர் வழக்கை எங்கள் மாவட்டத்திற்கு மாற்றக் கோரி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்திற்கு வழக்கை மாற்றும் அதிகாரம் அதற்கே உண்டு. வழக்கு ஊருக்கு வந்தது. சமரச மையத்தில் இருவரும் இசைந்து பிரிந்தனர். அக்காவின் நகைகள் திரும்பின. பழிச்சொற்கள் கொண்ட மனு திரும்பப் பெறப்பட்டது. நகையைவிட அந்தப் பழி நீங்கியதே பெரிதென்று அக்கா சொன்னார். அந்த உறை பூட்டிய பீரோவிலேயே கிடந்திருந்தால்?

பணமும் குழந்தையும்

வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். அதற்கு 24-ஆம் பிரிவு. இறுதியில் நிலையான ஜீவனாம்சத்திற்கு 25-ஆம் பிரிவு. தனக்கெனப் போதிய வருவாய் இல்லாதவர் மனைவியாயினும் கணவனாயினும் கேட்கலாம் என்பது பலர் அறியாதது. இருவரும் தம் வருவாய், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், ஜீவனாம்சம் கேட்டு மனுச் செய்த நாள் முதலே கணக்கிடப்பெறும் என்றும் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-ஆம் நாள் தீர்ப்பளித்தது. ஆகவே கேட்பதைத் தள்ளிப்போடுபவர்க்கு இழப்பே.

குழந்தை யாரிடம் வளர்வது என்பதில் தாயின் வெற்றியோ தந்தையின் வெற்றியோ பார்ப்பதில்லை. குழந்தையின் நலமே தலையாய அளவுகோல். இன்னொன்று: இவ்வழக்குகள் மூடிய அறையிலேயே நடைபெற வேண்டும், விவரங்களை வெளியிடலாகாது என்று 22-ஆம் பிரிவு விதிக்கிறது. "நாலு பேர் முன்னால் அவமானம்" என்று அஞ்சுவோர் இதனை அறிதல் வேண்டும்.

வழக்கறிஞரைத் தேர்தல்

1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, வழக்கறிஞரை வைத்துக்கொள்வது ஒரு தரப்பின் உரிமையன்று என்கிறது. சண்டையைக் குறைத்துச் சமரசத்தை வளர்ப்பதே அதன் நோக்கம். ஆயினும் நீதிமன்ற அனுமதியோடு வழக்கறிஞர்கள் வாதிடுவதே நடைமுறை. நல்ல வழக்கறிஞரை எவ்வாறு அறிவது? நான் கற்றவற்றையும் கண்டவற்றையும் நிரல்படக் கூறுகிறேன்.

முதலாவது, தேடி வருபவரை நம்பாதீர்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ளவும் ஆள்விட்டு வழக்குப் பிடிக்கவும் வழக்கறிஞர் மன்ற விதிகள் தடை செய்கின்றன. நீதிமன்ற வாயிலில் கையைப் பிடித்து இழுக்கும் தரகரை விலக்குங்கள். குடும்ப நீதிமன்றத்தில் நாள்தோறும் வழக்கு நடத்துபவரையே நாடுங்கள். மாநில வழக்கறிஞர் மன்றத்தில் அவர் பதிவு பெற்றவரா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, வெறுங்கையோடு செல்லாதீர்கள். திருமண அழைப்பிதழ், படங்கள், பதிவுச் சான்று, வருவாய்ச் சான்று, வங்கிக் கணக்கு, நகைச் சீட்டுகள் ஆகியவற்றோடு, நடந்தவற்றை நாள்வாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டு செல்லுங்கள். நமக்குப் பாதகமானதையும் மறைக்காமற் சொல்லுங்கள். கட்சிக்காரர் சொன்னதை வழக்கறிஞர் வெளியிடலாகாது என்று சாட்சியச் சட்டம் காக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிரியின் வாயிலாக முதன்முதல் அதனைக் கேட்கும் வழக்கறிஞரால் நம்மைக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது, கேளுங்கள். எந்த வழி எனக்குத் தக்கது? எந்த ஊரில் வழக்கிடுவது? தாங்களே வருவீர்களா, இளையவரை அனுப்புவீர்களா? என் வழக்கின் பலவீனம் எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்பவரே நல்ல வழக்கறிஞர். "வெற்றி நிச்சயம்" என்று முதல் நாளே உறுதி கூறுபவரிடமிருந்து விலகி நிற்பது நலம். சமரசத்திற்குப் போய்ப் பேசிப்பாருங்கள் என்பவரைத் திறமையற்றவர் என்று எண்ணிவிடாதீர்கள்.

நான்காவது, கட்டணம். முழு வழக்குக்கா, ஒவ்வொரு வாய்தாவுக்குமா, எழுத்தர் செலவும் நகல் செலவும் தனியா என்பதை எழுத்தில் பெறுங்கள்; பணம் தரும்போது ரசீது கேளுங்கள். கிடைக்கும் ஜீவனாம்சத்தில் இத்தனை பங்கு என்று பேசுவது விதிக்கு மாறானது.

ஐந்தாவது, கையெழுத்து. வக்காலத்தைப் படித்தபின் இடுங்கள். வெற்றுத் தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்திடாதீர்கள். மனு இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் பொருள் சொல்லச் செய்து கேட்டபின்பே ஒப்பமிடுங்கள். நீதிமன்றத்தில் மொழி புரியாவிட்டால் தயங்காமல் நீதிபதியிடம் சொல்லுங்கள். தாக்கல் செய்த ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். சி.என்.ஆர். எண் என்னும் 16 இலக்க அடையாளத்தைக் குறித்துக்கொண்டால், அடுத்த வாய்தா எந்நாள் என்பதை நீதிமன்ற இணையதளத்தில் நாமே பார்க்கலாம்.

ஆறாவது, இசைந்து பிரிபவர்கள் செலவைக் குறைக்க எண்ணி இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் போதும் என்பர். ஒப்பந்த வாசகத்தையேனும் தனித்தனி வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்வது நல்லது. ஒருவர் நலமும் மற்றவர் நலமும் எல்லா இடத்திலும் ஒன்றாயிரா.

ஏழாவது, நம்பிக்கை போய்விட்டால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம். கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்துவைக்கும் உரிமை அவருக்கில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் தெளிவாக்கியது. நடத்தைக் கேடு இருந்தால் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் முறையிடலாம். நுகர்வோர் மன்றம் இதற்கு இடமன்று என்பது 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

பணமில்லையே என்பவர்க்கு ஒரு சொல். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, மகளிர் அனைவருக்கும் வருவாய் வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் முதலியோருக்கும் உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதற்கான அலுவலகம் இருக்கும். 15100 என்னும் எண்ணிலும் பேசலாம். இது பிச்சையன்று, உரிமை.

நண்பர்களே, நம்மில் பெரும்பாலோர் சட்டம் படிப்பவரல்லர். படிக்க வேண்டுவதும் இல்லை. ஆனால் மூன்று செய்திகளை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம்: வந்த அழைப்பாணையை அன்றே பிரிக்க வேண்டும், படிக்காத தாளில் கையெழுத்திடலாகாது, பெண்ணுக்கு வழக்கறிஞர் இலவசமாகவே கிடைப்பார். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது திண்ணையில் அமர்ந்து நாம் பேசுவது ஆயிரம். அவற்றோடு இம்மூன்றையும் பேசிவிட்டு வாருங்கள். கேட்பவருள் எவர்க்கு அது வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அவர் வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்.